பெட்டியின் மேல் எழுதிய பெயர்

சைகோன்
4 மார்ச் 1982

லுவாவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. பஸ் டிரைவர் சாங் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. பதிலையும் அவர் கையிலேயே கொடு. காபி என்ற வார்த்தை போலீஸ் கண்ணில் பட்டால் நீ மலையில் ஒரு ஜெயில், நான் இங்கே ஒரு ஜெயில்.

காபி கேட்டது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. அரசாங்கத்தைத் தவிர யாரும் காபி விற்கக்கூடாது, அரசாங்கக் கடையில் கொடுக்கும் தூளிலோ பாதிக்கு மேல் கருக்கிய சோளம். தூரப் பயணம் போகிற லாரிக்காரர்கள் தங்கள் ஃபில்டரையும் டம்ளரையும் வண்டியிலேயே வைத்திருக்கிறார்கள். வழியில் எங்கே வெந்நீர் கிடைத்தாலும் டம்ளர் மேல் ஃபில்டரை உட்காரவைத்து ஊற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒரு பொட்டலம் என்று தூளை மடித்துக் கொடுத்துத்தான் நானும் அம்மாவும் சாப்பிடுகிறோம். தூள் தீர்ந்தால் கடை இல்லை. அதனால்தான் எப்படியாவது கொஞ்சம் அனுப்பு என்று உனக்கு எழுதினேன். எப்படியாவது என்றால் இப்படியா?

பஸ் நிலையத்தில் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, செத்தவர் எலும்புப் பெட்டி என்று சொன்னால் ஒருவரும் தொடமாட்டார்கள், வீட்டில் போய்த் துணியை அவிழுங்கள் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகிற அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். என் முகத்தை நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

வீட்டில் நான் கால் கழுவப் போன நேரத்தில் அம்மா துணியை அவிழ்த்துவிட்டாள். பெட்டி மேல் கறுப்பு மையில் என் தம்பியின் பெயர், உன் புருஷன் பெயர். லே வன் கியெம். முழுப் பெயர், உன் கையெழுத்தில். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு அதன்மேல் முகத்தைப் புதைத்தாள். அப்புறம் அழுதாள் பார், சந்து முழுக்க ஓடி வந்தது. வார்டு அதிகாரி பாக்கும் வந்தான். போன மாதம் என் கடைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தவன் அவன்தான். ஊதுபத்திக் கட்டு வாங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றான். நான் என்ன சொல்ல முடியும்? ஐயா, இது தம்பி இல்லை, காபி என்றா?

இப்போது பெட்டி பூஜை மேடையில் இருக்கிறது. அதன் முன்னால் சோறு, பழம், புகை. அம்மா அதைவிட்டு நகரமாட்டேன் என்கிறாள். என் தம்பி அகில் கட்டை தேடிக் காட்டுக்குள் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஜெயிலிலோ எல்லைக்கு அப்பாலோ எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று நாம் மூன்று பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். உயிரோடு இருக்கிறவன் பெயரை எலும்புப் பெட்டியில் எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? வேறு பெயரே கிடைக்கவில்லையா?

தோவா


பாவோ லோக்
13 மார்ச் 1982

அன்புள்ள தோவா அக்காவுக்கு,

வேறு பெயர் கிடைக்கவில்லை அக்கா. அதுதான் உண்மை.

காபியை இங்கிருந்து இறக்க எத்தனையோ பேர் எத்தனையோ வழி பார்த்துவிட்டார்கள். எலும்புப் பெட்டி என்ற யோசனை எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும்போது வந்தது. புதைத்தவரை மூன்று வருஷத்தில் தோண்டி எடுத்து, எலும்பைக் கழுவி மண்பெட்டியில் வைத்து, சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோவது வடக்கிலிருந்து வந்த நம் ஆட்களுக்கு வழக்கம்தானே. தெற்கத்தி அதிகாரிகளுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். எழுதிக் கொடுக்கிற குமாஸ்தாவுக்கு அரைக் கிலோ காபி கொடுத்தேன். அவன் எங்கள் குடும்பப் பதிவைப் பிரித்து, இதில் இருக்கிற ஆளுக்குத்தான் சீட்டு எழுத முடியும் என்றான். அதில் இரண்டே பெயர். ஒன்று நான். நான் உயிரோடு அவன் எதிரில் நிற்கிறேன்.

வேண்டாம் என்று சொல்லி எழுந்து வந்திருக்கலாம். நீங்களும் அத்தையும் சோற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சீட்டில் உள்ள பெயர் பெட்டி மேலும் இருக்க வேண்டும் என்று அவனே மையும் தூரிகையும் எடுத்துக் கொடுத்தான்.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கடைசி இருக்கை, பின்னால் பெட்ரோலுக்குப் பதிலாக பஸ்ஸை ஓட்டுகிற கரி அடுப்பு. மலையிறக்கத்தில் அடுப்பிலிருந்து நெருப்புத் துண்டுகள் ரோட்டில் உதிர்ந்துகொண்டே வந்தன. எல்லாரும் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கும்போதும் நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ரப்பர் தோட்டம் தொடங்குகிற இடத்துச் சோதனைச் சாவடியில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணை இறக்கினார்கள். பிள்ளைத்தாச்சி போல வயிற்றில் கட்டியிருந்தாள். அதிகாரி கத்தியால் ஒரு குத்து. காபிக்கொட்டை தரையெல்லாம் ஓடியது. அவள் கத்தவில்லை, குனிந்து பொறுக்கத்தான் பார்த்தாள். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்புறம் அதே அதிகாரி என்னிடம் வந்தான்.

"யாரு இது?"

"என் வீட்டுக்காரரு."

"என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

"எதுல போனாரு?"

நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"காட்டுல காய்ச்சல்."

அவன் கத்தியை உறையில் போட்டான். தன் பையிலிருந்து மூன்று ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தில் செருகினான். போங்க அக்கா என்றான். அழுவது போல் நடிக்க வேண்டும் என்று வீட்டில் பழகிப் பார்த்திருந்தேன். நடிக்கத் தேவைப்படவில்லை.

நீங்கள் திட்டுவதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு ஒன்று. அகில் தேடிப் போனவர் வீட்டில் அவர் பெயரை உரக்கச் சொல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். சொன்னால் காட்டில் இருக்கிற பெரியவருக்குக் கேட்குமாம். பெரியவர் என்றால் யார் என்று நான் எழுதமாட்டேன், உடம்பெல்லாம் வரி வரியாக இருக்கிறவரைத்தான் சொல்கிறேன். மூன்று வருஷமாக நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. முடி வாருவதற்குக்கூட நேரம் பார்த்து வாரினேன். இப்போது எலும்புப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் எழுதி, பத்துச் சோதனைச் சாவடி வழியாக ஊர்வலம் கொண்டுபோய்விட்டேன். திரும்பி வந்த அன்றே அவருடைய சோற்றுக் கிண்ணம் அலமாரியிலிருந்து விழுந்து உடைந்தது. எலி தட்டியிருக்கும். எலிதான் அக்கா, இல்லையா?

அவர் எங்கேயோ நன்றாக இருந்து, நான் எழுதியதால் ஏதாவது ஆகிவிட்டதென்றால் நான் என்ன செய்வேன்? தயவு செய்து அந்தப் பெயரை அழித்துவிடுங்கள். ஈரத் துணியால் தேய்த்தால் போய்விடும்.

லுவா


சைகோன்
27 மார்ச் 1982

லுவா,

எலிதான். வேறு எதையாவது நினைத்து உயிரை விடாதே. ஏற்கெனவே இந்த வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, அது போதும்.

பெயரை அழிக்க முடியவில்லை. ஈரத் துணியோடு பக்கத்தில் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளயத் தொடாத" என்றாள். அந்தப் பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது.

காலையில் சந்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கக் கிளம்பும்போது அழத் தொடங்குகிறாள். சாயங்காலம் ஆண்கள் வேலை முடிந்து வரும்போது இன்னொரு தடவை. பெயர் சொல்லி, சின்ன வயசில் அவன் சாப்பிட்டது, கொய்யா மரத்திலிருந்து விழுந்தது, முதல் தடவை காபி குடித்துத் துப்பியது, எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். கேட்கிறவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்துகிறார்கள். அவள் மெலிந்துகொண்டே வருகிறாள். இந்தப் பொய்யிலேயே அவள் போய்ச் சேர்ந்துவிட்டால், கொன்றது நீயா நானா?

இன்னொன்று. பாக் தினமும் வருகிறான். உன் புருஷன்மேல் அவனுக்குத் திடீர்ப் பாசம். பெட்டியை இப்படி வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது, ஏப்ரலில் வருகிற கல்லறைத் திருநாளுக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று சொல்லி, வார்டு இடுகாட்டில் தானே ஒரு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறான். குழி தோண்ட ஆளும் சொல்லியாயிற்று. அடக்கத்துக்கு முன்னால் மூடியைத் திறந்து எலும்புகளை வரிசைப்படுத்துவது உங்கள் வடக்கத்தி வழக்கம்தானே, நானும் கூட இருந்து உதவுகிறேன் என்கிறான். மூடியைத் திறக்கும்போது அவன் பக்கத்தில் நிற்பான், லுவா.

கடையில் தூள் இல்லை. லாரிக்காரர்கள் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். டீ குடிங்க என்கிறேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூன்று முழம் தள்ளி ஒரு பெட்டி நிறைய முதல்தரமான காபி, அதற்கு நான் தினமும் மூன்று வேளை சோறு படைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் சந்தோஷத்தில் கத்திவிடுவாள். அவள் வாயில் எதுவும் நிற்காது என்று உனக்கே தெரியும்.

தோவா


பாவோ லோக்
1 ஏப்ரல் 1982

தோவா அக்கா,

சொல்லிவிடுங்கள். இன்றே சொல்லிவிடுங்கள். ஜெயிலுக்குப் போனால் போகட்டும். அத்தை அழுதுகொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அழுகை எங்கே போய்ச் சேருகிறதோ என்று பயமாக இருக்கிறது.

இங்கே ஒரு செய்தி. அவரோடு காட்டுக்குப் போன ஹொவான் திரும்பி வந்துவிட்டானாம். அகில் கட்டையோடு பிடிபட்டு இவ்வளவு நாளும் கடற்கரைப் பக்கம் ஒரு ஜெயிலில் இருந்தானாம். அவன் பெண்டாட்டியின் தங்கை சந்தையில் சொன்னாள். அவன் மட்டும்தான் வந்திருக்கிறான். இரண்டு பேரையும் ஒன்றாகப் பிடித்திருப்பார்கள், ஒருவனை முதலில் விட்டிருப்பார்கள், அடுத்தது இவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று ஹொவான் வீடு வரை நடந்து போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு தெரிந்தது. விறகு பிளந்துகொண்டிருந்தான். கூப்பிட வாய் வரவில்லை. கோடரி விழுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அவன் என்னைப் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். பார்த்தும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை அக்கா?

அவர் கிளம்பிப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? கத்தி, கொசுவலை, உப்பு, அப்புறம் அந்த அலுமினிய ஃபில்டர். விழுந்த விமானத்தின் தகட்டை வெட்டிப் பெரிய மாமா செய்து கொடுத்தது. காட்டுக்குள் எதற்கு இது, சுமை என்றேன். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, இதையாவது கொண்டுபோகிறேன் என்றார். டம்ளருக்குள் ஃபில்டரைக் கவிழ்த்து, ஃபில்டருக்குள் தூளை அடைத்து, மூடியைப் போட்டு ஒரே துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

லுவா


சைகோன்
19 ஏப்ரல் 1982

அடி லுவா,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்த அன்றே கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். அம்மா, அது தம்பி இல்லை என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தெரியும்டி. வெண்ணெய் போட்டு வறுத்த காபி. லுவா கொஞ்சம் தீய விட்டுட்டா."

முதல் நாளே, பெட்டியின் மேல் முகத்தைப் புதைத்தாளே, அப்போதே மூடி இடுக்கில் வாசம் பிடித்துவிட்டாளாம். மலையில் இருந்த காலம் முழுக்கக் காபி வறுத்த மூக்கு. நீ மெழுகு வைத்து அடைத்தால் நிற்குமா? பெயரைப் பார்த்ததும் உயிர் போய் வந்ததாம், வாசம் பிடித்ததும் சிரிப்பு வந்ததாம். சிரிப்பை அடக்கத்தான் அத்தனை சத்தமாக அழுதேன் என்கிறாள். அதற்குள் சந்து கூடிவிட்டது, அப்புறம் நிறுத்த முடியவில்லையாம். நான் நன்றாக நடிக்கமாட்டேன், முகத்தில் காட்டிக் கொடுத்துவிடுவேன் என்றுதான் என்னிடம் சொல்லவில்லையாம். நான் தேய்ந்து துரும்பாகிக்கொண்டிருந்தேன், அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெற்றவளா இவள்?

பாக்கையும் அவளே சமாளித்தாள். அவன் குழி தயார் என்று வந்து நின்றதும், சோதிடரிடம் கேட்டேன், என் மகன் பிறந்த வருஷத்துக்கு இந்த வருஷம் மண்ணைத் தோண்டினால் வீட்டில் இன்னொரு சாவு விழும், பக்கத்தில் நின்றவர்களையும் விடாது என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் என்றதும் அவன் இரண்டு அடி பின்னால் போனான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான்.

இப்போது கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பெட்டியிலிருந்து தினம் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் மடிக்கிறோம். ஊதுபத்திப் புகையில் வாசம் தெரிவதில்லை. லாரிக்காரர்கள் மறுபடி வருகிறார்கள். அம்மா இப்போதும் இரண்டு வேளையும் அழுகிறாள், திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வருமாம். நேற்று அழுகையின் நடுவிலேயே கண்ணால் ஜாடை காட்டி, அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிகிறது பார் என்றாள்.

உன் பயத்தையும் சொன்னேன். நீ அவளைக் கேட்டிருந்தால் ஒரு மாதத் தூக்கம் மிச்சமாகியிருக்கும். பிறந்த குழந்தைக்கு நாம் ஏன் நாய், பன்றி என்று அசிங்கமாகப் பெயர் வைக்கிறோம்? பேய் தேடி வந்தால் ஆளைத் தெரியாமல் போகட்டும் என்றுதானே. இதுவும் அப்படித்தான், செத்துப் போனவன் என்று எழுதி வைத்தால் சாவு அவனைத் தேடி வராது, லுவா நல்லதுதான் செய்திருக்கிறாள் என்கிறாள். ஹொவான் வந்துவிட்டான் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இவனும் வந்துடுவான். வரட்டும், அவன் எலும்பை அவனுக்கே வடிச்சுக் குடுக்கறேன்."

போய் ஹொவானைப் பார். பயப்படாதே.

தோவா


பாவோ லோக்
6 ஜூன் 1982

தோவா அக்கா,

ஹொவானே வந்தான். நான் போகவில்லை.

வாசலில் நின்று, உள்ளே வராமல், துணி முடிச்சை நீட்டினான். முடிச்சைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபில்டர், டம்ளர், மூடி. மூடியில் ஒரு நசுங்கல் இருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கல்யாணத்தன்று நான் கீழே போட்டது.

இவர் காட்டுக்குள் போன முதல் மழையிலேயே போய்விட்டாராம். காய்ச்சல். மூன்று வருஷம் முன்னால். ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறைக்குக் கீழே ஹொவானே புதைத்தானாம். செய்தி சொல்ல ஊருக்கு வரும் வழியில்தான் பிடிபட்டானாம்.

கடைசி நாட்களில் காபி கேட்டாராம். தூள் தீர்ந்து வெகு நாளாகியிருந்தது. பழைய சக்கையைக் காயவைத்துக் காயவைத்து வடித்து, அதுவும் போயிற்று. ஹொவான் வெறும் ஃபில்டரை டம்ளர் மேல் வைத்து வெந்நீர் ஊற்றினானாம். இவர் சொட்டு விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாராம். நல்லா இறங்குது என்றாராம்.

அக்கா, நான் அந்த அதிகாரியிடம் வாயில் வந்ததைச் சொன்னேன். காட்டில் காய்ச்சல் என்று. ஹொவான் வாயிலிருந்தும் அதே இரண்டு வார்த்தைதான் வந்தது. நான் பெயரை எழுதியதால் அவர் சாகவில்லை. அதைத் தெரிந்துகொண்டதும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது, அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் என் கையைப் பார்த்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. மூன்று வருஷம் சொல்லாமல் வைத்திருந்த பெயரை, எலும்பு எடுக்க வேண்டிய சரியான வருஷத்தில், எலும்புப் பெட்டியில் போய் எழுதியிருக்கிறேன். காபிக்காக என்று நினைத்துக்கொண்டு.

நானும் ஹொவானும் போய் எடுத்து வந்துவிட்டோம். எத்தனை நாள் நடந்தோம் என்று கேட்காதீர்கள். பட்டை, சோம்பு, கிராம்பு போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் நானே கழுவினேன். பெட்டியில் நானே வரிசையாக வைத்தேன். அத்தையின் ஊரில், அத்தையின் கையால்தான் அடக்கம் நடக்க வேண்டும்.

நான் கொண்டு வர முடியாது. அந்தச் சாவடியில் என் முகம் தெரியும், ஒரே ஆளை இரண்டு தடவை எப்படிக் கொண்டுபோகிறாய் என்று கேட்பார்கள். பதிவில் இவர் பெயரை அப்போதே அடித்துவிட்டார்கள், மறுபடி சீட்டு எழுத முடியாது. ஹொவான் தன் சித்தப்பா பெயரில் சீட்டு வாங்கியிருக்கிறான். சனிக்கிழமை சாங் அண்ணன் பஸ்ஸில் வருகிறான். பெட்டி மேல் பெயர் இல்லை. தூரிகையை எடுத்தேன், இந்தத் தடவை கை எழுத மறுத்துவிட்டது.

பெட்டி வருவதற்கு முன்னால் அத்தையிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். எனக்கு எழுதத் தெரியவில்லை.

லுவா


சைகோன்
14 ஜூன் 1982

லுவா,

நான் சொல்லவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அன்று சொல்லலாம் என்று போனேன், அம்மா பொட்டலம் மடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவனுக்கென்று ஒரு சட்டைத் துணி வாங்கி வந்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள், மெலிந்திருப்பான், கொஞ்சம் பிடித்தே தைக்கச் சொல் என்றாள். சனிக்கிழமை காலையில் வாயைத் திறந்தேன், பாக் வந்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைவிடக் கோழை யாரும் இல்லை.

ஹொவான் பெட்டியோடு வந்து சேர்ந்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. சாவடியில் பெயர் எழுதாத பெட்டி என்று சந்தேகப்பட்டு மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டார்களாம். நீ சொன்ன அந்தக் கத்திக்கார அதிகாரிதான். திறந்து பார்த்தவன் உடனே மூடவில்லையாம், அப்படியே நின்றானாம். பிறகு தன் கையாலேயே மூடி, துணியையும் அவனே முடிந்து கொடுத்தானாம். பொய்யைத் தொடவில்லை, உண்மையைத் திறந்து பார்த்துவிட்டார்கள்.

சந்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு அது போதும். அது ஹொவானின் சித்தப்பா எலும்பு என்று அவர்களுக்குக் காட்ட, ஐயோ என் மகனோடு காட்டுக்குப் போன பிள்ளையின் வீட்டிலும் இப்படியா என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நன்றாகவே அழுதாள். பெண்கள் போனதும் கதவைச் சாத்தினாள், முகத்தைத் துடைத்தாள்.

"பேர் எழுதாம அனுப்பிச்சிருக்கா. புத்தி வந்திருக்கு. எத்தனை கிலோடா இருக்கும்?"

ஹொவான் தலையைக் குனிந்துகொண்டான். நான் அம்மா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து மூடி இடுக்கில் மூக்கை வைத்தாள்.

வைத்தபடியே இருந்தாள், லுவா. ஒரு தடவை இழுத்தாள். அப்புறம் பெட்டியின் அந்தப் பக்கம் நகர்ந்து இன்னொரு தடவை. நான்கு பக்கமும் மோந்து பார்த்தாள். எங்காவது ஓர் இடுக்கில் காபி வந்துவிடாதா என்று தேடினாள். பட்டையும் கிராம்பும்தான் வந்தது. உன் வீட்டில் நீ அந்தத் தண்ணீரைக் காய்ச்சியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கீழே உட்கார்ந்தாள். ஹொவான் ஃபில்டர் முடிச்சை அவள் பக்கத்தில் வைத்தான். மூடியின் நசுங்கலை விரலால் தடவினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், வெறும் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியதையும் சொன்னான். அவள் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள், எப்போது என்று. முதல் மழையில் என்றான்.

"அப்ப நான் இத்தனை நாளும் அழுதது பொய்யில்ல."

அதை என்னிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய்ப் பழைய பெட்டியைத் திறந்து ஃபில்டர் நிறையத் தூள் எடுத்துப் போட்டாள். டம்ளர் மேல் வைத்து வெந்நீர் ஊற்றினாள். புதுப் பெட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டு, கடைசிச் சொட்டு விழும்வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். பெயரை நீதான் வந்து எழுத வேண்டுமாம். முதல் தடவை எழுதியது நீ, இந்தத் தடவையும் நீதான், வேறு கை எழுதக்கூடாது, அதுவரை அடக்கம் இல்லை என்கிறாள். காபி எதுவும் கொண்டுவராமல் வெறும் கையோடு வா. சாவடியில் உன்னைப் பார்த்தால் பார்க்கட்டும்.

அன்று சாயங்காலம் ஆண்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அம்மா அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். சந்தில் வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்று நின்று போனார்கள். இருட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து, அம்மா சத்தத்தையே காணோமே, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

தோவா